கொரிய பாப்: குழுவை விட்டுப் போனவர்களின் கதை

2015 ஏப்ரல் 13. தென்கொரியாவின் கல்வித் தொலைக்காட்சியான ஈ.பி.எஸ்ஸில் 'ஸ்பேஸ் கோங்காம்' என்ற இசை நிகழ்ச்சி. சின்ன அரங்கம், கொஞ்சம் பார்வையாளர்கள். மேடையில் பாடியவர் கிம் ஜுன்சு. பாடகர் ஒருவர் டிவியில் பாடுவதில் என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் கொரியாவில் அது செய்தியானது. டிவி இசை நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாடி ஏறக்குறைய 6 வருடம் ஆகியிருந்தது.

அந்த 6 வருடமும் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆல்பம் போட்டார். இசை நாடகங்களில் நடித்தார், டிக்கெட்டுகள் பறந்தன. பெரிய பெரிய அரங்குகளில் பாடினார். டிவியில் மட்டும் பாட முடியவில்லை. அவர் டிவியில் பாடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்த நீதிமன்றமும் தடை போடவில்லை. சொல்லப்போனால் நீதிமன்றம் அவர் பக்கம்தான் தீர்ப்பு சொல்லியிருந்தது.

அப்படியென்றால் தடுத்தது யார்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான் இது.

பாட்டுத் தொழிற்சாலை

கொரிய பாப் இசையில் குழுக்கள் தானாக உருவாவதில்லை. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து கிடார் வாங்கிக் கற்றுக்கொண்டு மேடையேறும் கதை அங்கே குறைவு. நிறுவனங்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கின்றன. ஆட்டம், பாட்டு, அந்நிய மொழி, கேமரா முன் பேசுவது என்று வருடக்கணக்கில் பயிற்சி. தங்கும் இடம், சாப்பாடு, ஆசிரியர் சம்பளம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. பயிற்சி எடுத்த எல்லோரும் மேடை ஏறுவதில்லை. மேடை ஏறிய எல்லோரும் ஜெயிப்பதுமில்லை. தோற்றவர்களுக்குச் செய்த செலவையும் சேர்த்து ஜெயித்தவர்களிடம்தான் எடுக்க வேண்டும். இதுதான் நிறுவனங்களின் கணக்கு. இந்தக் கணக்கில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீண்டகால ஒப்பந்தம் என்ற வழக்கம் வந்ததே இதனால்தான்.

இந்த முறையை நிலைநிறுத்தியவர் லீ சூ-மான். பழைய பாடகர். 1995-இல் எஸ்.எம். என்டர்டெய்ன்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே, 1996 செப்டம்பரில், எச்.ஓ.டி. என்ற ஐவர் குழு வந்தது. கொரியாவில் 'ஐடல்' யுகமே இவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள்.

முதல் பிரிவும் இவர்களிடமிருந்தே தொடங்கியது. 2001 மே மாதம் எச்.ஓ.டி. கலைந்தது. இரண்டு பேருக்கு எஸ்.எம்மோடு ஒப்பந்தம் தொடர்ந்தது. பணப் பங்கில் திருப்தி இல்லாத மற்ற மூன்று பேர், டோனி ஆன், ஜாங் வூ-ஹ்யோக், லீ ஜே-வோன், வெளியேறி தங்கள் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்து ஜே.டி.எல். என்று குழு அமைத்தார்கள். பாட்டு விற்றது. ஆனால் டிவியில் இவர்களைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. ரசிகர்கள் கோபப்பட்டார்கள். கொஞ்ச நாளில் ஊர் அதை மறந்தும் போனது. ஐந்தில் மூன்று, முதலெழுத்தில் ஒரு பெயர், டிவியில் இடமில்லை... 8 வருடம் கழித்து இதே கதை அச்சு மாறாமல் திரும்ப நடந்தது.

13 வருடம்

2003 டிசம்பர் 26-ஆம் தேதி எஸ்.எம். இன்னொரு ஐவர் குழுவை அறிமுகம் செய்தது. கொரிய மொழியில் தோங்பாங் ஷின்கி, அதாவது கிழக்கின் தெய்வங்கள் எழுந்தார்கள் என்று பொருள். வெளியே டி.வி.எக்ஸ்.க்யூ. என்று அறியப்பட்டார்கள். யுன்ஹோ, சாங்மின், ஜேஜூங், யூச்சுன், ஜுன்சு. கொரியாவில் ஜெயித்துவிட்டு ஜப்பானில் தரை மட்டத்திலிருந்து ஆரம்பித்தார்கள். மொழி கற்றார்கள், சின்ன மேடைகளில் பாடினார்கள். 2008-இல் ஜப்பானின் புகழ்பெற்ற புத்தாண்டு இரவு நிகழ்ச்சியான 'கோஹாக்கு'வுக்கு அழைக்கப்பட்டார்கள். 2009 ஜூலை 4, 5 தேதிகளில் டோக்கியோ டோம் அரங்கில் பாடினார்கள்.

அதே ஜூலை மாதம் 31-ஆம் தேதி ஜேஜூங், யூச்சுன், ஜுன்சு மூவரும் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது கோரிக்கை.

அவர்கள் சொன்ன குறைகள் மூன்று. ஒன்று, ஒப்பந்தம் 13 வருடம். ராணுவ சேவைக் காலம் இதில் சேராது. கொரிய ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம் என்பதால் உண்மையில் 15 வருடத்துக்கு மேல் போகும். இரண்டு, பாதியில் விலகினால் கட்ட வேண்டிய அபராதம். நிறுவனம் செலவழித்ததைப் போல 3 மடங்கும், மிச்ச காலத்தில் வரக்கூடிய லாபத்தைப் போல 2 மடங்கும். ஒருவர் ஆயுள் முழுக்க உழைத்தாலும் கட்டி முடிக்க முடியாத தொகை. மூன்று, பணப் பங்கீடு மிகக் குறைவு.

எஸ்.எம். தரப்பிலும் பதில் இருந்தது. மொத்தம் 11 பில்லியன் வோன் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம், கார்கள் கொடுத்திருக்கிறோம் என்றது. மூவரும் ஒரு அழகு சாதனப் பொருள் வியாபாரத்தில் பணம் போட்டிருந்தார்கள். சண்டைக்கு உண்மையான காரணம் அந்த வியாபாரம்தான் என்றும் சொன்னது.

ரசிகர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி நீண்டகால ஒப்பந்தத்துக்கு எதிராக மனு கொடுத்தார்கள்.

2009 அக்டோபர் 27-இல் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. மூவரின் விருப்பத்துக்கு மாறாக எஸ்.எம். அவர்களுக்காக ஒப்பந்தம் செய்யக் கூடாது. அவர்களின் தனிப்பட்ட கலைப் பணியில் குறுக்கிடவும் கூடாது. மூவருக்கும் அப்போது 22, 23 வயது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வருடக் கடைசி நாளில் ஐவரும் ஜப்பானின் கோஹாக்கு மேடையில் ஒன்றாகப் பாடினார்கள். அதற்குப் பிறகு ஐந்து பேரையும் யாரும் ஒரே மேடையில் பார்க்கவில்லை.

ஒரு கடிதம்

2010 அக்டோபரில் மூவரும் ஜே.ஒய்.ஜே. என்ற பெயரில் 'தி பிகினிங்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். பழைய பெயர் இல்லை, திரும்பவும் முதலெழுத்துகள்தான். அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்ட் ஒரு பாட்டில் பங்கெடுத்திருந்தார். கொரியப் பாடகர்களுக்கு அப்போது அது சாதாரண விஷயமில்லை.

அதே மாதம் கொரிய வெகுஜனக் கலைத் தொழில் கூட்டமைப்பிலிருந்து கடிதங்கள் கிளம்பின. டிவி நிறுவனங்கள், இசை விநியோகஸ்தர்கள் என்று 26 இடங்களுக்குப் போனது. ஜே.ஒய்.ஜேவை நிகழ்ச்சிகளில் சேர்க்க வேண்டாம், ஆல்பத்தை விநியோகிக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம்.

ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பலமா என்று கேட்கலாம். கொரிய டிவி நடக்கும் விதம் தெரிந்தால் புரியும். கே.பி.எஸ்., எம்.பி.சி., எஸ்.பி.எஸ். மூன்றும் பெரிய சேனல்கள். ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு இசை நிகழ்ச்சி உண்டு. புதுப் பாட்டு வந்தால் இந்த மூன்றிலும் சுற்றி வந்தாக வேண்டும். அதனால் பாடகருக்குச் சேனல் வேண்டும். அதே நேரம் சேனலுக்கும் நிறுவனம் வேண்டும். வருடக் கடைசி விசேஷ நிகழ்ச்சிகள், அரட்டை நிகழ்ச்சிகள் என எல்லாவற்றுக்கும் நட்சத்திரங்கள் தேவை. ஒரே நிறுவனத்திடம் நாலைந்து பெரிய குழுக்கள் இருந்தால், வெளியேறிய மூவருக்காக அந்த நாலைந்து குழுக்களையும் பகைத்துக்கொள்ள எந்தத் தயாரிப்பாளர் முன்வருவார்? இங்கே மிரட்டலே தேவையில்லை. அவரவர் பயமே வேலையை முடித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை, நாடகத் தொடர்களில் இவர்களால் நடிக்க முடிந்தது. யூச்சுன் 2010-இல் கே.பி.எஸ்ஸிலேயே ஒரு சரித்திரத் தொடரில் கதாநாயகன். ஜேஜூங் 2011-இல் எஸ்.பி.எஸ். தொடரில் நடித்தார். தொடர்களை எடுப்பவர்கள் வேறு, அவர்களுக்குத் தேவைப்படும் ஆட்களும் வேறு. ஆக ஒரே சேனலில் ஒரே ஆள் நடிக்கலாம், பாடக்கூடாது! எழுதப்படாத தடை எங்கிருந்து வருகிறது என்று காட்ட இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2011 ஜூலையில் நடந்தது இன்னும் மோசம். ஜெஜூ தீவை உலகின் புதிய ஏழு இயற்கை அதிசயங்களில் ஒன்றாக்க வேண்டும் என்று கொரியாவே ஓட்டுப் பிரசாரம் செய்துகொண்டிருந்தது. அந்தப் பிரசாரத்தின் தூதர்களாக ஜே.ஒய்.ஜே. நியமிக்கப்பட்டிருந்தார்கள். அதற்காக ஜெஜூவில் நடந்த கே.பி.எஸ். விசேஷ நிகழ்ச்சியில் பாடுவதாக இருந்தது. சில நாட்களுக்கு முன்னால் அவர்கள் பெயர் நீக்கப்பட்டது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கே இலை இல்லை என்ற கதை.

ஜப்பானிலும் இதுவே நடந்தது. அங்கே இவர்களின் பணிகளைக் கவனித்துவந்த ஏவெக்ஸ் நிறுவனம் 2010 செப்டம்பரில் மூவரின் பணிகளை நிறுத்திவைத்தது. டோக்கியோ நீதிமன்றம் 2013 ஜனவரியில்தான் ஏவெக்ஸ் குறுக்கிடக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. உழைத்து உழைத்துச் சம்பாதித்த ஜப்பானிய மேடை 2 வருடத்துக்கு மேல் கைவிட்டுப் போயிருந்தது.

தங்கியவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். யுன்ஹோவும் சாங்மினும் 2011 ஜனவரியில் பழைய பெயரிலேயே இருவராகத் திரும்பி வந்தார்கள். பெயர் அவர்களிடம் இருந்தது. ஆனால் ரசிகர் கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொண்டது. ஐந்து பேர் சேர்ந்து பாடிய பாட்டை இரண்டு பேர் பாட வேண்டிய கட்டாயம். வெளியேறியவர்களுக்கு மட்டும்தான் இழப்பு என்று நினைக்க வேண்டாம்.

பெயர் யாருடையது?

விலகியவர் விட்டுவிட்டு வரும் சொத்துகளில் பெரியது பெயர். குழுவின் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்வது பொதுவாக நிறுவனம்தான்.

ஷின்ஹ்வா என்ற ஆறு பேர் குழு 1998-இல் எஸ்.எம்மில் அறிமுகமானது. 2003-இல் ஒப்பந்தம் முடிந்ததும் ஆறு பேரும் சேர்ந்தே வெளியேறினார்கள். ஒற்றுமைக்கு உதாரணமாக இன்றும் இவர்களைச் சொல்வார்கள். அப்படியும் பெயருக்கான உரிமை கை மாறிக் கை மாறி, சண்டைகள் நடந்து, 2015-இல்தான் முழுமையாக அவர்களிடம் வந்தது. 12 வருடம்!

எச்.ஓ.டி. ஐவரும் 17 வருடம் கழித்து 2018-இல் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். அக்டோபரில் சியோல் ஜாம்ஷில் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு நாள் கச்சேரி. ஆனால் போஸ்டரில் எச்.ஓ.டி. என்று போட முடியவில்லை. முத்திரை உரிமை எஸ்.எம்மின் முன்னாள் தலைமை நிர்வாகி ஒருவரிடம் இருந்தது. அதனால் சுருக்கத்தை விரித்து 'ஹை ஃபைவ் ஆஃப் டீனேஜர்ஸ்' என்று முழுசாக எழுதினார்கள். நாற்பது வயதை எட்டிய ஆண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பீஸ்ட் குழுவினர் 2016-இல் க்யூப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்து தனி நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் பின்னாலேயே நின்றுவிட்டது. அதே பீஸ்ட் பெயரில் வேறு மூவர் குழு அமைக்கப்போவதாகக்கூட க்யூப் அறிவித்தது. அது நடக்கவில்லை. இவர்கள் 2017-இல் ஹைலைட் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பழைய பெயரைப் பயன்படுத்தும் உடன்பாடு 2024-இல்தான் ஏற்பட்டது.

எல்லா நிறுவனமும் இப்படித்தான் என்று ஒரே கோட்டில் நிறுத்திவிடவும் கூடாது. காட் செவன் குழுவின் ஏழு பேரும் 2021 ஜனவரியில் ஜே.ஒய்.பி. நிறுவனத்தை விட்டு விலகியபோது பெயருக்கான உரிமை அவர்களுக்கே கொடுக்கப்பட்டது. அடுத்த வருடமே அதே பெயரில் ஆல்பம் போட்டார்கள். மனது வைத்தால் முடியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாறியது எது?

2009 ஜூலையில், மூவரும் வழக்குப் போட்ட அதே மாதத்தில், கொரிய நியாய வர்த்தக ஆணையம் கலைஞர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. உச்ச வரம்பு 7 வருடம். கொரிய பாப் ரசிகர்கள் 'ஏழு வருட சாபம்' என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். ஏழாவது வருடம் வந்தால் குழு கலையுமோ என்ற பயம். ஆனால் அது சாபம் இல்லை. 13 வருடம் 7 ஆகக் குறைந்ததால் கிடைத்த உரிமை.

எஸ்.எம்முக்கும் மூவருக்கும் இடையிலான வழக்கு 2012 நவம்பர் 28-இல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் 2009 ஜூலை 31-ஆம் தேதியே முடிந்ததாக வைத்துக்கொள்வது, ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடாமல் இருப்பது என்று உடன்பாடு. 2013 ஜூலையில் நியாய வர்த்தக ஆணையம், ஜே.ஒய்.ஜேவின் பணிகளைத் தடுக்கும் வேலையை நிறுத்துங்கள் என்று எஸ்.எம்முக்கும் அந்தக் கூட்டமைப்புக்கும் உத்தரவிட்டது. அபராதம் எதுவும் விதிக்கவில்லை.

பிற்பாடு விலகியவர்களுக்கு இந்த மூவரின் வழி அப்படியே திறக்கவில்லை. எக்ஸோ குழுவின் சீன உறுப்பினர்களான கிரிஸ், லூஹான் இருவரும் 2014-இல் எஸ்.எம். மீது வழக்குப் போட்டுவிட்டுச் சீனாவுக்குப் போனார்கள். அங்கே பெரிய நட்சத்திரங்களானார்கள். ஆனால் 2016 சமரசத்தில் அவர்களின் ஒப்பந்தம் 2022 வரை செல்லும் என்றே முடிவானது. கொரியாவும் ஜப்பானும் தவிர்த்த இடங்களில் வேறு நிறுவனங்கள் மூலம் பணியாற்றலாம், வருமானத்தில் எஸ்.எம்முக்குப் பங்கு உண்டு என்பது ஏற்பாடு.

நியூஜீன்ஸ் விவகாரம் இன்னும் சமீபத்தியது. 2024 நவம்பர் 28-இல் ஐந்து பெண்களும் பத்திரிகையாளர்களைக் கூட்டி, அடோர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்தது என்று தாங்களே அறிவித்தார்கள். மூவர் செய்தது போல முதலில் நீதிமன்றம் போகவில்லை. அடோர்தான் போனது. 2025 மார்ச் 21-இல் தனியாக இயங்கத் தடை வந்தது. மே மாதம், மீறினால் ஒரு மீறலுக்கு ஆளுக்கு 1 பில்லியன் வோன் என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 30-இல் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பு. நவம்பரில் ஐவரும் திரும்புவதாக அறிவித்தார்கள். டிசம்பர் கடைசியில் அவர்களில் ஒருவருடைய ஒப்பந்தத்தை நிறுவனமே முறித்துக்கொண்டது.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2010-இல் கதவுகள் கடிதத்தாலும் பயத்தாலும் சாத்தப்பட்டன. 2025-இல் நீதிமன்றம், எல்லோரும் படிக்கக்கூடிய தீர்ப்பு, எண்ணிச் சொன்ன தொகை. முடிவு யாருக்குச் சாதகம் என்பது வேறு விஷயம். எதிராளி யார் என்பதாவது தெரிகிறது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். வராத தொலைபேசி அழைப்பை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

சட்டம் வந்த நாள்

மறுபடி அந்த மூவரிடம் வருவோம். ஈ.பி.எஸ்ஸில் ஜுன்சு பாடிய அதே 2015 ஏப்ரலில் சோய் மின்-ஹீ என்ற பெண் எம்.பி. ஒளிபரப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மூன்றாம் ஆள் சொன்னார் என்பதற்காக ஒரு கலைஞரை நிகழ்ச்சியிலிருந்து நியாயமில்லாமல் ஒதுக்கினால், அந்த டிவி நிறுவனத்தின் மீது அரசு நடவடிக்கை எடுக்கலாம். பத்திரிகைகள் இதை 'ஜே.ஒய்.ஜே. சட்டம்' என்றே அழைத்தன. 2015 நவம்பர் 30-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

வழக்குத் தொடங்கி 6 வருடம் 4 மாதம். நீதிமன்றம் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது முதல் 3 மாதத்தில். மிச்ச காலமெல்லாம் யாரும் கையெழுத்துப் போடாத அந்த இன்னொரு ஒப்பந்தத்தோடு போராடியதுதான்.

சட்டம் நிறைவேறிய அன்று மூவரில் இருவர் கட்டாய ராணுவ சேவையில் இருந்தார்கள். ஜேஜூங் மார்ச்சிலும் யூச்சுன் ஆகஸ்டிலும் சேர்ந்திருந்தார்கள். 2014 ஜூலையில் வந்த 'ஜஸ்ட் அஸ்' ஆல்பத்துக்குப் பிறகு ஜே.ஒய்.ஜே. என்ற பெயரில் மூவரும் சேர்ந்து வேறு ஆல்பம் போடவும் இல்லை.

அவர்கள் பெயரில் சட்டம் இருக்கிறது. இனி விலகப்போகிறவர்கள் யாராவது அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 23 வயதில் வழக்குப் போட்டவர்களுக்கு, கதவு திறந்தபோது வயது 29.